சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சிக்கனம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து வயதுக்குக் கீழே ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், ஒரே ஆள் சம்பளம், வாடகை வீடு. இப்படிக் குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் மாவு புளிப்பது, துணி காய்வது, பருப்பில் வண்டு விழுவது எல்லாம் கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி. தேவைப்படும் இடத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறோம். பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு கவளம்கூடக் குறையாமல் மிச்சம் பிடிக்கிற வழிகள் மட்டுமே இதில் இருக்கும்.

மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எதில் ஆரம்பிப்பது?

வாடகை, மளிகை, கரண்ட் எல்லாம் எல்லோருக்கும் கணக்குத் தெரியும். தெரியாமல் போவது சில்லறை. ஒரு மாதத்துக்கு மட்டும், 50 ரூபாய்க்குக் கீழே கொடுத்த எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்றதை எழுத வேண்டாம். எல்லாவற்றையும் எழுதப் போனால் நாலாம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும்.

பெரும்பாலும் கண்ணில் படுவது பெட்டிக்கடைப் பாக்கெட்டுதான். இரண்டு பிள்ளைகளுக்குத் தினம் ஆளுக்கு ஒரு 10 ரூபாய் பிஸ்கட், ஒரு 10 ரூபாய் சிப்ஸ் என்றால் நாளைக்கு 40, மாதத்துக்கு 1,200 ரூபாய். முட்டை ஒன்று 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கும் மாதம் முழுக்கத் தினம் ஒரு முட்டை கொடுக்க 360 ரூபாய்தான் ஆகும். மீதி 840 ரூபாய்க்குப் பழமே வாங்கலாம். பாக்கெட்டை ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை அழும், பாட்டி மனசு இளகும், மறுபடி கடைக்குத்தான் போவீர்கள். சனிக்கிழமை ஒரு பாக்கெட் என்று நாள் குறித்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

பாக்கெட்டுக்குப் பதிலாகச் சாயங்காலம் என்ன கொடுப்பது?

பொரிதான் முதல் கை. ஒரு படி பொரியை வெறும் வாணலியில் மூன்று நிமிடம் சூடு பண்ணி, ஆறவைத்து டப்பாவில் போட்டால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். அதில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் கொஞ்சம் எண்ணெயும் காரச் சட்னியும் கலந்தால், தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட்டின் சுவை வந்துவிடும். காரச் சட்னியை மட்டும் பிள்ளைக்குக் குறையுங்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளி, பனியாரம், வாழைப்பழம், எள்ளுருண்டையைப் பொடித்துப் போட்ட அவல் இவையெல்லாம் முறை மாற்றிக் கொடுக்க ஏற்றவை.

ஒரு எச்சரிக்கை. முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய்த் துண்டு இவை நாலு வயது வரைக்கும் கைக்கு எட்டக் கூடாது. கடைவாய்ப் பல்லால் நன்றாக அரைக்கத் தெரியாத வயதில் சிரித்துக்கொண்டே தின்றால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

சத்துமாவை வீட்டிலேயே செய்தால் கட்டுபடியாகுமா? எங்கள் வீட்டில் அரைத்தது ஒரே வாரத்தில் சிக்கு வாடை அடித்தது.

நன்றாகவே கட்டுபடியாகும். ராகி 1 கிலோ, பாசிப்பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், புழுங்கலரிசி 100 கிராம், ஏலக்காய் 5. மெஷின் கூலியையும் சேர்த்தாலும், கடையில் விற்கும் ஒரு சின்ன டப்பாவின் விலைக்குள் ஒரு கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும்.

ராகியை நாலைந்து தண்ணீரில் கழுவி, கல் போக அரித்து, 8 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து, ஈர வேட்டித் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். சேலத்து வெயிலில் ஒரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். ஏற்காட்டில் இரண்டு நாள் ஆகும். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை அரிசி நீளம் வந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் வேர் பின்னிக்கொண்டு புளித்த வாடை வரும். பாசிப்பயறையும் இதே போல முளைகட்டலாம். முளைகட்டுவதில் வெறும் வழக்கம் மட்டும் இல்லை, பலனும் இருக்கிறது: தானியத்திலுள்ள சத்துகளைப் பிடித்துவைக்கும் பொருள் குறைகிறது, கஞ்சியும் கெட்டியாகாமல் இளக்கமாக வருகிறது. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை உடம்பு எடுத்துக்கொள்ள இது உதவும்.

சிக்கு வாடைக்கும் பூஞ்சைக்கும் காரணம் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. முளைகட்டிய தானியம் உள்ளே ஈரமாகவே இருக்கும். மெல்லிய துணி மூடி இரண்டு முழு வெயிலில் காயவேண்டும். மலையில் மூடுபனி இருந்தால் வெயிலை நம்பாமல், விசிறிக்காற்றில் ஒரு நாள் உலர்த்திவிட்டுக் கனமான வாணலியில் சிறு தீயில் வறுத்தே ஈரத்தை எடுங்கள். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிலக்கடலை, பாதாம், முந்திரியை இந்த மாவோடு அரைக்கவே வேண்டாம். அவற்றின் எண்ணெய்தான் சீக்கிரம் காறி, மொத்த மாவையும் கெடுக்கிறது. தனியாகப் பொடித்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் உங்களுக்கு முன்னால் மிளகாயோ மல்லியோ அரைத்தார்களா என்று கேளுங்கள். அரிசி மாவு அரைத்த கையோடு போடச் சொல்வது நல்லது. முதலில் விழும் இரண்டு கை மாவைக் கோலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அந்தச் சொட்டு மாவில் விழுந்து கட்டி பிடிக்கும். ஒரு மணி நேரம் காகிதத்தில் பரப்பி ஆறவிட்டுச் சலித்து எடுத்துவையுங்கள். சேலத்தில் ஒரு மாதம் தாங்கும். ஏற்காட்டில் பாதிப் பாதியாக அரைப்பது நல்லது.

காய்ச்சும்போது ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் சிறு தீயில் 8 நிமிடமாவது கிண்டுங்கள். கைவிடாமல் கிண்டவில்லை என்றால் அடியில் பிடித்து, மேலே வேகாத மாவு நிற்கும். பிள்ளைக்கு வயிறு உப்பும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதற்குப் பிறகு முதலில் ராகிக் கூழ் மட்டும், பிறகு பயறு, பிறகு கலப்பு மாவு என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கிவிடும்.

கடை டப்பாக்களில் பலவற்றில் இரும்புச் சத்து தனியாகச் சேர்த்திருப்பார்கள். வீட்டு மாவில் அது இல்லை. ஆகவே முட்டை மஞ்சள் கரு, கீரை, அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஈரல் என்று வேறு வழியில் கொடுங்கள். அங்கன்வாடியில் இரும்புச் சத்து சிரப் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

ஜவ்வரிசி நம்ம ஊர்ச் சரக்கு. கைக்குழந்தைக்குத் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கலாமா?

நம்ம ஊர்ச் சரக்குதான். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் 2023-ல் கிடைத்துவிட்டது. ஆனாலும் அது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே. புரதம் பெயருக்குத்தான் இருக்கிறது. வயிறு நிறையும், எடை கூடுவது போலவும் தெரியும், வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது. காய்ச்சலில் ஒன்றும் இறங்காத ஒரு நாள் கொடுக்கலாம். தினசரிக் கஞ்சிக்கு ராகியும் பயறும்தான். ஜவ்வரிசி சிக்கனத்துக்கு உதவும் இடம் வேறு: பங்குனி, சித்திரையில் ஒரு கிலோவுக்கு வடகம் போட்டு வைத்தால் ஐப்பசி மழை வரை அப்பளச் செலவு இல்லை. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடவும் அதுதான் நல்லது.

பால் எவ்வளவு வேண்டும்? மூன்று வயதுப் பையன் தினம் ஒரு லிட்டர் குடிக்கிறான், சாப்பாடு மட்டும் இறங்குவதில்லை.

சாப்பாடு இறங்காததற்கே அந்த ஒரு லிட்டர்தான் காரணம். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால் பிள்ளை வெளுத்து, சோர்ந்துபோகும். நிறைய பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது இப்படித்தான். பாதியாகக் குறைத்தால் மாதத்துக்கு 15 லிட்டர் பால் காசு மிச்சம், பசியும் திரும்பும்.

ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. கவர் நிறத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்கள், மேலே அச்சடித்த கொழுப்பு அளவைப் பாருங்கள். டோன்டு பால் 3 சதவீதம், நிலைப்படுத்திய பால் 4.5, நிறை கொழுப்புப் பால் 6. இரண்டு வயது வரை பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும். ஆகவே நல்ல பாலில் தண்ணீர் ஊற்றிப் பெருக்காதீர்கள். பெரியவர்கள் காபிக்கு டோன்டு பால் வாங்கிக்கொண்டால் போதும்.

முட்டையைத் தட்டுக் கணக்கில் வாங்கலாமா?

நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. 30 முட்டை கொண்ட தட்டாக வாங்கினால் சில்லறைக் கடையைவிட முட்டைக்குக் கொஞ்சமாவது குறையும். குளிர்பெட்டியில் மூன்று வாரம் இருக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் சித்திரை வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாதித் தட்டைப் பக்கத்து வீட்டோடு பங்கிடுங்கள். கீறல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கனம் வேண்டாம், கீறல் வழியாகத்தான் கிருமி போகிறது. முட்டையை வாங்கியதும் கழுவி வைக்காமல், உடைக்கும் முன் கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடப்பது புதுசு, நிமிர்ந்து நிற்பது பழசு, மிதப்பதைத் தூக்கிப் போடுங்கள்.

இட்லி மாவு சேலத்தில் பொங்கி வழிகிறது, ஏற்காட்டில் இரண்டு நாள் ஆனாலும் அசையவில்லை. ஒரே அளவில்தானே அரைக்கிறோம்?

அளவு சரிதான்: 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். வித்தியாசம் சூட்டில்.

கீழே, வெயில் மாதங்களில் உளுந்தைக் குளிர்பெட்டியில் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரையுங்கள். கிரைண்டர் சூட்டில் மாவு இளஞ்சூடாகிவிட்டால் அரைக்கும்போதே புளிக்க ஆரம்பிக்கும், உளுந்தும் காணாது. அரைத்ததும் உப்பைச் சேர்த்துவிடுங்கள். உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். இரவு பத்து மணிக்குக் கரைத்தால் அதிகாலை நாலு, ஐந்து மணிக்கே தயாராகிவிடும். பிள்ளைக்கு எழும்போது மாவையும் ஒரு பார்வை பார்த்து உள்ளே தூக்கி வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

மேலே, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, உப்பில்லாமல் கையால் நன்றாகக் கலந்து, மூடியுள்ள சூடுகாப்புப் பாத்திரத்தில் ஊற்றிக் கம்பளியால் சுற்றி வையுங்கள். மார்கழியில் 14 முதல் 16 மணி நேரம் பிடிக்கும், உப்பைக் காலையில் போடலாம். அடுப்போரம் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வெந்ததுபோல் ஏடு கட்டும். மூன்றாம் நாள் புளித்த மாவைக் கொட்ட வேண்டாம். இரண்டு கை ரவையும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பனியாரம் ஊற்றினால் பிள்ளைகளுக்குப் புளிப்பே தெரியாது.

டயபருக்கே மாதம் 1,500 ரூபாய் போகிறது. துணிக்கு மாறினால் எத்தனை வேண்டும், எப்படித் துவைப்பது?

கணக்கு சரிதான், டயபர் ஒன்று 10 ரூபாய், நாளைக்கு ஐந்து என்றால் அந்தத் தொகைதான் வரும். பகலில் துணி, இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயபர் என்று பிரித்தால் மாதச் செலவு 300 ரூபாய் அளவுக்கு இறங்கும். முழுக்கத் துணிக்கே மாற வேண்டும் என்று வைராக்கியம் பிடித்தால், தூக்கமில்லாத அம்மா ஒரு வாரத்தில் துணியை மொத்தமாக விட்டுவிடுவாள். அதனால் இந்தப் பாதி வழியையே சொல்கிறோம்.

நன்றாக உழைத்த பருத்தி எட்டு முழ வேட்டி ஒன்றில் 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 12 துண்டு கிடைக்கும். ஓரம் அடித்துவிடுங்கள், நூல் பிரிந்தால் குழந்தையின் விரலிலோ தொடையிலோ சுற்றிக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்த லுங்கி, புடவை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. பச்சைக் குழந்தைக்கு 30 துண்டு, ஆறு மாதத்துக்கு மேல் 20 போதும்.

மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் கறை நூலோடு உறைந்துவிடும். அலசிய பிறகு சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். நன்றாகத் துவைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது நூலில் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், தோலும் சிவக்கும்.

சேலத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் துணியில் நின்று, காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கும். பிள்ளைக்குப் புண் வர இந்தப் பிசுக்கும் ஒரு காரணம். போர் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலை மேட்டூரிலிருந்து குழாயில் வரும் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கெட் போதும். வெயிலில் காய்வது கறைக்கும் கிருமிக்கும் சேர்த்து மருந்து.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் துணி மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லையே?

அங்கே துண்டுகளைச் சின்னதாக, ஒற்றை மடிப்பாக வையுங்கள். நாலாக மடித்துத் தைத்த பட்டைத் துணி மலைக்கு ஆகாது. முறுக்கிப் பிழிந்து, காய்ந்த துவாலையில் சுருட்டி ஒருமுறை மிதித்து எடுத்தால் பாதி ஈரம் துவாலைக்குப் போய்விடும். கொடியை மூலையில் கட்டாமல் அறையின் நடுவில், விசிறிக்குக் கீழே கட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கடைசி ஈரத்தை இஸ்திரி போட்டு எடுக்கலாம். விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவது ஆபத்து, புகை வாடையும் ஏறும். லேசான ஈரத்தோடு கட்டினால் தொடை இடுக்கில் பூஞ்சைப் புண் வரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் டயபர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதில் தப்பே இல்லை.

மொத்தமாக வாங்குவது உண்மையில் மிச்சமா?

பொருளைப் பொறுத்தது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் போய், துவரம் பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், வெல்லம் இவற்றை நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் மிச்சம்தான். எண்ணெய், மசாலாப் பொடி, ரவை இவை வீட்டில் கிடந்தால் கெடும். மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஏற்காட்டில் காற்றே ஈரம் என்பதால் எதையும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். வண்டு தின்ற பருப்பு எந்தத் தள்ளுபடியையும் தின்றுவிடும்.

புளியை மாசி, பங்குனியில் புதுப்புளியாக வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, கல் உப்பு தூவி இரண்டு வெயில் காட்டி, பீங்கான் சாடியில் அழுத்தி வையுங்கள். பருப்பை ஒரு முழு வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் புரட்டினால் வண்டு அண்டாது. சமைக்கும்போது கழுவிவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை விட்டுவிட்டுக் கறுத்த வெல்லமாக எடுங்கள். வெளுப்பாக்க வேதிப்பொருள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரேஷனில் வரும் 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் மாதம் தவறாமல் வாங்குங்கள். பருப்பு வேக நேரம் எடுத்தால் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும்.

உழவர் சந்தைக்கு எப்போது போவது நல்லது?

சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி எதுவானாலும், கீரைக்கும் பிஞ்சுக் காய்க்கும் காலை ஆறு, ஏழு மணி. தக்காளி, வெங்காயம், பூசணிக்கு ஒன்பதுக்கு மேல். விற்பவர்கள் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் விலை இறங்கும். வாசலில் எழுதியிருக்கும் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும், ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் கட்டணமில்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சமாக வாங்கி வருவதே லாபம்.

மாம்பழக் காலத்தில் பிள்ளைகள் விடுவதில்லை. விலையும் கட்ட வேண்டும், வயிறும் கெடக் கூடாது.

சித்திரைத் தொடக்கத்தில் மல்கோவாவுக்கும் இமாம்பசந்துக்கும் கொடுக்கிற விலையில், வைகாசிக் கடைசியில் இரண்டு மடங்கு வாங்கலாம். அதுவரை செந்தூராவும் பெங்களூராவும் போதும். செங்காயாக வாங்கி, காகிதத்தில் சுற்றி அரிசி டிரம்மில் புதைத்தால் மூன்று நாலு நாளில் மணம் வரும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது மேலெல்லாம் ஒரே மஞ்சளாக, மணமில்லாமல், உள்ளே கடினமாக இருக்கும். அப்படிப் பழுக்க வைக்கத் தடை இருக்கிறது, வாங்கவும் கூடாது. காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொடுங்கள். உதட்டோரம் வெந்து புண்ணாவது அந்தப் பாலால்தான்.

கோடைக் காற்றில் உதிர்ந்த மாங்காய் அடிமாட்டு விலைக்கு வரும். அதைக் கீற்றாக அரிந்து, கிலோவுக்கு 50 கிராம் உப்புப் புரட்டி நாலு வெயில் காயவைத்தால் வருஷம் முழுக்க சாம்பாருக்கு வற்றல். ஏற்காட்டுக்காரர்கள் பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் மாதங்களில் அதை விட்டுவிடக் கூடாது. மசித்து அப்படியே ஊட்ட, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அதைவிடச் சுலபமான உணவு இல்லை.

சிலிண்டர் 30 நாள்கூட வருவதில்லை. என்ன செய்யலாம்?

முதலில் வாங்கும்போதே எடை பாருங்கள். சிலிண்டர் மேல் எழுதியுள்ள காலி எடையோடு 14.2 கிலோ சேர்த்து வரவேண்டும். தராசு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கறுத்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது. அதை ஊசியால் குத்திப் பெரிதாக்காமல், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ மேலே வந்தால் அந்தக் காஸ் உங்கள் சமையலுக்கு இல்லை.

மிச்சம் அதிகம் வருவது ஒரே குக்கரில் அடுக்கு வைப்பதில்: கீழே பருப்பு, நடுவில் சோறு, மேலே பிள்ளைக்குக் கேரட், உருளை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். குளிக்கும் வெந்நீரைச் சேலத்தில் காஸில் போட வேண்டியதில்லை. எவர்சில்வர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி மூடி மொட்டை மாடியில் வைத்தால் மாலைக்குள் பிள்ளை குளிக்கும் பதத்துக்கு வந்துவிடும். காஸ் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

கரண்ட் பில்லை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும்; 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் கூடிவிடும். மீட்டரை மாதம் ஒருமுறை பாருங்கள், முதல் மாதத்திலேயே 250-ஐ நெருங்கினால் சுதாரிக்கலாம். ஏற்காட்டில் செலவு இழுப்பது கீசர்: 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட். பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குளிக்க வைத்தால் ஒரே சூடு போதும்.

இலவசமாகக் கிடைப்பதில் எதை விட்டுவிடுகிறோம்?

தடுப்பூசி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் போடுகிறார்கள். தனியாரில் ஆயிரக்கணக்கில் ஆகும் நிமோனியா ஊசியும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும்கூட இப்போது அங்கே இலவசம். அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், பள்ளியில் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம், வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை, அங்கன்வாடியில் சத்துமாவு, மதிய உணவு, முட்டை, எடை பார்ப்பது. பலர் சங்கடப்பட்டு அங்கன்வாடிக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை எடையும் உயரமும் பார்த்து வளர்ச்சி அட்டையின் கோட்டில் குறிப்பதற்காகவாவது போங்கள். வளர்ச்சி நின்றுபோவதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிச் செலவுதான். தவிர்க்க முடியாதா?

சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் முடியும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கரைப்பதுதான் நடக்கும் தப்பு, உப்பு கூடிவிடும். கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கொடுத்தால் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும்.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல், துவண்டு கிடந்தால், அல்லது மலத்தில் ரத்தம் இருந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை வரும் தெருக்களில் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

வளரும் பிள்ளைக்குத் துணி எப்படி எடுப்பது?

பாவாடையில் அடியில் மூன்று விரல் மடிப்பு இரண்டு வைத்துத் தைத்தால் வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து மூன்று வருஷம் ஓடும். மடிப்புத் தையலைப் பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள், பிரிக்கும்போது துணி கிழியாது. பையன்களுக்கு முட்டியில் உள்பக்கம் ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிட்டால் பேன்ட் இரட்டிப்பு நாள் வரும். பள்ளி ஷூவை மட்டும் பெரிதாக வாங்கிப் பஞ்சு திணிக்காதீர்கள், நடை கெடும்.

முதல் பிறந்தநாளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்க ஆசை. ஊரே கொலுசுக்குப் பேர்போனது. எப்படி ஏமாறாமல் வாங்குவது?

தாராளமாக வாங்குங்கள், வெள்ளி என்பதால் காசு முழுசாகப் போய்விடாது. எடை, தரம், செய்கூலி, சேதாரம் நாலையும் தனித்தனியாக பில்லில் எழுதி வாங்க வேண்டும். திரும்ப மாற்றும்போது எந்தத் தரத்துக்கு, எவ்வளவு கழிப்பார்கள் என்று வாங்கும் அன்றே கேளுங்கள். கல் பதித்ததும் அரக்கு ஏற்றியதும் எடையில் வெள்ளியாகக் கணக்கில் வந்து, மாற்றும்போது கழிந்துபோகும். அதனால் சாதாத் தண்டையே மேல்.

ஒரு வயதுப் பிள்ளை காலை வாயில் வைக்கும். சலங்கை முத்து கழன்றால் நேரே தொண்டைக்குள்தான் போகும். முத்தில்லாத தண்டை, திருகுக்குப் பதில் வளைத்து மாட்டும் கொக்கி, கணுக்காலுக்கும் தண்டைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடம். தினம் குளிப்பாட்டும்போது கொக்கியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காலில் சிவந்த கோடு விழுந்த அன்றே கழற்றிவிடுங்கள், மாற்ற நேரம் வந்துவிட்டது.